மாதுளம்பிஞ்சு எறிந்த தளபதி

ஆர்லோ: ...ஆக, ஒரே ஒரு மாதுளம்பிஞ்சு. இந்தக் கையாலதான் எறிஞ்சேன். அமெரிக்க விமானப்படை மொத்தமும் வாலைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிடுச்சு!

டோரீன்: மொத்தமுமா?

ஆர்லோ: மொத்தமும். பன்னெண்டு விமானம்.

டோரீன்: போன சனிக்கிழமை எட்டுன்னியே.

ஆர்லோ: மிச்சம் நாலு மேகத்துக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. அப்புறமாத்தான் ஞாபகம் வந்தது.

டோரீன்: அன்னைக்கு மேகமே இல்ல.

ஆர்லோ: கேட்டியா பல்வஷா? அம்மணி வானிலை ஆபீஸ்ல குப்பை கொட்டினவங்க. கந்தஹார்ல என்னைக்கு மேகம் வந்துச்சு, என்னைக்கு வரலன்னு இங்க அமெரிக்காவுல, அலெக்சாந்திரியா ரொட்டிக் கடையில உக்காந்துக்கிட்டே சொல்லுவாங்க!

பல்வஷா: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? அடுப்புல ரொட்டி ஒட்டியிருக்கேன், கருகிடும். இந்தாங்க தேநீர்... ஐயா, வக்கீல் மறுபடியும் போன் பண்ணாரு.

ஆர்லோ: என்னவாம்?

பல்வஷா: இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மனு போகணுமாம். போகலன்னா ஷாவலியோட விசாவை மறந்துட வேண்டியதுதானாம்.

ஆர்லோ: அதான் நான் அந்த ஆளுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே!

பல்வஷா: சொன்னீங்க. அதுதான் பிரச்சினை.

டோரீன்: எத்தனை விமானம் சொன்னே?

ஆர்லோ: எண்ணிக்கையில என்ன இருக்கு...

பல்வஷா: இருபதாம்.

டோரீன்: அட கடவுளே.

ஆர்லோ: வக்கீல் ஆசையாக் கேட்டுக்கிட்டிருந்தான்மா! கதை சூடு பிடிக்கிற நேரத்துல கஞ்சத்தனம் பண்ண முடியுமா?

பல்வஷா: பேனாவை மூடி வச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டிருந்தேன்னு சொல்றாரு. உங்க ஊரு பிளாட் ஆத்துல கார் அளவுக்குக் கெளுத்தி மீன் பிடிச்சதையும் சொன்னீங்களாமே?

ஆர்லோ: சின்னக் கார்தான்.

டோரீன்: இவன் பேச்சை நம்பி யாரும்மா விசா குடுப்பாங்க? பக்கத்து வீட்டுப் பூனைகூட நம்பாது.

பல்வஷா: சிரிக்காதீங்க டோரீனம்மா. அங்க என் புருஷன் ஷாவலி இஸ்லாமாபாத்ல ஒரு ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வெளியே தலை காட்டினா போலீஸ் பிடிச்சு எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிடும். அந்தப் பக்கம் போனா, அமெரிக்காக்காரனுக்கு வண்டி ஓட்டினவன்னு கழுத்தை அறுக்கக் காத்திருக்காங்க.

டோரீன்: தெரியும்மா. நான் சும்மா...

பல்வஷா: இங்க என்னடான்னா, பயங்கரவாதிக்கு வண்டி ஓட்டினவன், வர விடமாட்டோம்ங்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. வண்டி ஒண்ணுதான். ஓட்டினவரும் ஒருத்தர்தான்.

ஆர்லோ: பக்கத்துல உக்காந்திருந்தவனும் ஒருத்தன்தான். நான்!

டோரீன்: இரு, இரு... பயங்கரவாதிக்கா? அப்படின்னா சொன்னாங்க? இத்தனை நாளா காரணமே சொல்லலன்னுதானே...

பல்வஷா: நேத்துதான் வக்கீல் எப்படியோ கேட்டு வாங்கியிருக்காரு. சிவப்புத் தாடி வச்ச ஒரு தளபதி, அவனோட வலதுகையா ஷாவலி. ரெண்டு பேரும் ரோட்டோரமாக் குழி தோண்டி எதையோ புதைச்சாங்களாம். அப்புறம் ஆளுங்களைச் சேர்த்து... என்னமோ சொன்னாரே... ஆங், கையெறி குண்டு வீசப் பயிற்சி குடுத்தாங்களாம்.

ஆர்லோ: பார்த்தியா? தளபதி! நான் என்ன சொன்னேன்? ஒரு காலத்துல அமெரிக்காவே நடுங்கின பயங்கரவாதி இப்ப உன் எதிர்ல உக்காந்து ரொட்டி திங்கிறான் அம்மணி!

டோரீன்: அந்தச் சர்க்கரையை இப்படித் தள்ளு.

ஆர்லோ: நீதான் சர்க்கரையே போட்டுக்கமாட்டியே.

டோரீன்: இன்னைக்குப் போட்டுக்கறேன். தள்ளு.

பல்வஷா: ஐயா, கடைசியா ஒரு தடவை. மீன் வேணாம், மேகம் வேணாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, நான் போன்ல பதிவு பண்ணி வக்கீலுக்கு அனுப்பறேன். டோரீனம்மா, இவரு அளந்துவிட்டா நீங்க கையைத் தூக்குங்க.

டோரீன்: கை விட்டுப் போயிடுமே.

பல்வஷா: எனக்காகம்மா.

டோரீன்: ...சரி.

ஆர்லோ: நல்லாக் கேட்டுக்க. நான் நெப்ராஸ்காவுல பொறந்த விவசாயி. கந்தஹார் பக்கத்துல அர்கந்தாப்ல, அபினுக்காக வளர்க்கிற கசகசாச் செடியைப் பிடுங்கிட்டு மாதுளை வைக்கச் சொல்லி என்னைச் சர்க்கார் அனுப்பினாங்க. கூட ஐம்பதாயிரம் ராணுவ வீர...

பல்வஷா: கை தூக்கியாச்சு ஐயா.

ஆர்லோ: ...கூட ஷாவலியை அனுப்பினாங்க. அவன்தான் டிரைவர், அவன்தான் மொழி சொல்றவன். வண்டி ஒரு பழைய டொயோட்டா. போதுமா?

டோரீன்: வெள்ளை.

ஆர்லோ: என்னது?

டோரீன்: வெள்ளை டொயோட்டாதானே? அங்க எல்லாமே அதுதான்னு சொல்வாங்க. மேல சொல்லு.

ஆர்லோ: வெள்ளைதான். அப்போ மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு. அமெரிக்காக்காரன் மாதிரி யாரும் வெளியே திரியாதீங்க, உயிருக்கு ஆபத்துன்னு. நான் சொன்ன பேச்சைக் கேக்கிறவன் இல்லையா...

டோரீன்: இதுக்கும் கை தூக்கணும்.

ஆர்லோ: அந்த ஒரு தடவை கேட்டேன்! தாடியை வளர்த்தேன். நீளமாச் சட்டை, தலையில துண்டு. எங்கம்மா வந்து பார்த்திருந்தாக்கூட சலாம் போட்டுட்டுப் போயிருப்பாங்க. தாடி எப்படி இருந்துச்சுங்கிறே? இடுப்பு வரைக்கும்!

பல்வஷா: கை.

ஆர்லோ: ...நெஞ்சு வரைக்கும்.

பல்வஷா: இன்னும் இறக்கலையேம்மா கையை.

ஆர்லோ: சரி, கழுத்து வரைக்கும்! சிவப்பா. இப்ப போதுமா தாயே?

டோரீன்: ம்.

ஆர்லோ: அமெரிக்காக்காரன் மாதிரி தெரியாதேன்னு சொன்னது ஒரு ஆபீஸ். தெரியலையேன்னு என்னைக் கொல்ல வந்தது இன்னொரு ஆபீஸ். ரெண்டுக்கும் சம்பளம் என் வரிப்பணம்!

பல்வஷா: உங்க ஆளுங்களுக்கே நீங்க அங்க இருக்கிறது தெரியாதா?

ஆர்லோ: எப்படித் தெரியும்? நான் எங்க போறேன்கிறது ரகசியம். அவங்க யாரைத் தேடறாங்கங்கிறது அதைவிட ரகசியம். ரெண்டு ரகசியமும் ஒண்ணையொண்ணு பார்த்தா வணக்கம்கூடச் சொல்லிக்காது.

பல்வஷா: எனக்குத் தலை சுத்துது. சரி, அந்தக் குழி?

ஆர்லோ: மாதுளங்கன்னு நடக் குழி வெட்டாம ஆகாயத்துலயா நடுவாங்க? ரோட்டோரமா வாய்க்கால் போகுது, அதை ஒட்டி வரிசையா வெட்டினோம். வெட்டின ஆளுங்களுக்கு அங்கயே கூலியும் குடுத்தோம். மேல இருந்து பாக்கறவனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? தாடிக்காரன் பணம் குடுக்கறான், பசங்க குழி தோண்டறாங்க, என்னத்தையோ வைக்கறாங்க, மண்ணைப் போட்டு மூடறாங்க...

பல்வஷா: தண்ணி ஊத்தறதைப் பார்க்கலையா அவங்க?

ஆர்லோ: அதானே! குண்டுக்கு எவனாவது தண்ணி ஊத்துவானா?

டோரீன்: கன்னு குச்சி மாதிரி இருந்திருக்கும். இலை இல்லாம. மேல இருந்து பார்த்தா... என்ன தெரியப்போகுது?

ஆர்லோ: ஆமா, குச்சிதான். பரவாயில்லையே, இன்னைக்கு என் கட்சி பேசறே!

டோரீன்: யாரு கட்சியும் இல்ல. கதையைச் சொல்லு.

ஆர்லோ: இன்னொண்ணு கேளு, இதுதான் வேடிக்கை. ராணுவ முகாம்ல வாராவாரம் கூட்டம் நடக்கும். ஒரு நாள் ஒரு அதிகாரி எந்திரிச்சு, "அர்கந்தாப் பக்கம் சிவப்புத் தாடியோட புதுசா ஒரு தளபதி கிளம்பியிருக்கான், யாருக்காவது தகவல் தெரியுமா?"ன்னு கேட்டான்.

பல்வஷா: நீங்க என்ன சொன்னீங்க?

ஆர்லோ: சும்மா இருக்க முடியுமா? எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்றாங்க. நானும் கையைத் தூக்கி, "ஓ, கேள்விப்பட்டிருக்கேனே! பெரிய ஆளு. ஐந்நூறு பேர் அவன் பின்னால"ன்னேன்.

பல்வஷா: ஐயா!

ஆர்லோ: என் தாடி சிவப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்க கண்ணாடியே கிடையாது!

பல்வஷா: உங்களையே நீங்க காட்டிக் குடுத்தீங்களா? இதைப் போய் யாரு நம்புவா? டோரீனம்மா, கை... ஏன் கை தூக்கல?

டோரீன்: ...வலிக்குது.

பல்வஷா: ஐந்நூறு பேர்ங்கிறாரு. இதுக்குக்கூடவா?

டோரீன்: அவன் கூட்டத்துல அளந்தான்னுதானே சொல்றான்? அளந்திருப்பான். அதை நான் நம்பறேன்.

ஆர்லோ: நன்றி அம்மணி.

டோரீன்: அதுல பெருமை வேற. நீ விட்ட கதை எங்கெங்க போய் என்னென்ன பண்ணுச்சோ... சரி, விடு.

பல்வஷா: அந்தக் குண்டு விஷயத்துக்கு வாங்க ஐயா. அதுதான் வக்கீலுக்கு வேணும். பயிற்சி, எறியறது...

ஆர்லோ: பயிற்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! பேஸ்பால்மா, பேஸ்பால்!

பல்வஷா: ஷாவலியும் அதைத்தான் சொல்றாரு. எனக்குத்தான் புரியல. அது விளையாட்டுன்னா பந்து எங்க?

ஆர்லோ: அங்க பந்துக்கு எங்க போறது? பக்கத்துப் பழைய தோப்புல காத்துக்கு உதிர்ந்த மாதுளம்பிஞ்சு கிடந்துச்சு, பச்சையா, கல்லு மாதிரி, கைக்கு அடக்கமா. மத்தியான வெயில். குழி வெட்டினவங்க நிழல்ல படுத்திருந்தாங்க. ஷாவலி மண்வெட்டியை வச்சுக்கிட்டு நிக்கறான். எனக்குக் கை அரிச்சுது. அவனை ஒரு கன்னுகிட்ட நிக்க வச்சு, எறிய ஆரம்பிச்சேன்.

பல்வஷா: எப்படி எறிஞ்சீங்க? வக்கீல் கேப்பாரு.

ஆர்லோ: இதோ பாரு, எந்திரிச்சே காட்டறேன். இடது காலைத் தூக்கி, முழங்காலை நெஞ்சுகிட்ட கொண்டு வந்து, கொக்கு மாதிரி ஒரு நிமிஷம் நின்னு... ஆ! ஐயோ, இடுப்பு!

டோரீன்: உக்காரு, உக்காரு. கடையை உடைக்காதே. அன்னைக்கு இதைவிட மோசமாத்தான் எறிஞ்சிருப்பே.

ஆர்லோ: இவ அப்பா டொலிடோவுல உள்ளூர் பேஸ்பால் ஆட்டத்துக்கெல்லாம் நடுவர், பல்வஷா. அந்தத் திமிரு. பூமியில எவன் எறிஞ்சாலும் இவளுக்குப் பிடிக்காது.

பல்வஷா: அப்புறம்?

ஆர்லோ: நூறு தடவை எறிஞ்சேன். நூறாவது தடவை அடிச்சான் பாரு ஷாவலி!

டோரீன்: மூணாவது.

ஆர்லோ: என்ன மூணாவது?

டோரீன்: நூறு தடவை எறியற கையா இது? மூணு எறிஞ்சிருப்பே. வெயில்ல அதுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

ஆர்லோ: ...சரி, மூணாவது எறிக்குத்தான் அடிச்சான். பிஞ்சு எகிறிப் போச்சு. படுத்திருந்தவங்கள்லாம் எந்திரிச்சு அதைப் பிடிக்க ஓடறாங்க. நான், "ஓடுடா! ஓடுடா!"ன்னு கத்தறேன். அந்த விளையாட்டுல, அடிச்சவன் நாலு மூலையையும் தொட்டுக்கிட்டுச் சுத்தி வரணும்மா. நாலு கன்னு சதுரமா நட்டிருந்தோம். அதைச் சுத்தி ஓடறான். கடைசிக் கன்னுகிட்ட வரும்போது அப்படியே புழுதியில சறுக்கினான். நான் ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சு, "தப்பிச்சான்!"னு தீர்ப்பு சொன்னேன்.

பல்வஷா: எறியறதும் நீங்க, தீர்ப்பு சொல்றதும் நீங்களா?

ஆர்லோ: அங்க எங்க வழக்கமே அதுதானே.

பல்வஷா: இதையா குண்டு எறியற பயிற்சின்னு...

ஆர்லோ: பின்ன? ஒருத்தன் எறியறான், நாலு பக்கமும் ஆளுங்க சிதறி ஓடறாங்க, ஒருத்தன் தரையில விழறான்! அன்னைக்குச் சாயங்காலம் முகாம்ல ஒரு கர்னல் வந்து என் சட்டையைப் பிடிச்சான். "மடையா, உன் தலைக்கு மேல குண்டு தயாரா நின்னுச்சு. உன் அப்பன் செய்த புண்ணியம், யாரோ கடைசி நிமிஷத்துல நிறுத்தினாங்க. முதல்ல அந்தத் தாடியை எடு"ன்னான். யாரு நிறுத்தினா, ஏன் நிறுத்தினான்னு சொல்லல. ஆனா எனக்குத் தெரியும். என் எறியைப் பார்த்து மிரண்டுட்டாங்க!

டோரீன்: எறியைப் பார்த்து ஒருத்தனும் மிரளல.

ஆர்லோ: பின்ன?

டோரீன்: மிரண்டிருந்தா குண்டைப் போட்டிருப்பாங்க, நிறுத்தியிருக்கமாட்டாங்க. எனக்கென்ன தெரியும்? கதை முடிஞ்சுதா?

ஆர்லோ: எங்க முடிஞ்சுது? ஷாவலி ஓடின ஓட்டம் இருக்கே! சிறுத்தை! காத்தைக் கிழிச்சுக்கிட்டு...

டோரீன்: சிறுத்தையாவது! மூணாவது கன்னு தாண்டினதுமே ஒரு செருப்பு கழண்டு வாய்க்கால்ல விழுந்துடுச்சு. மிச்ச தூரம் நொண்டிக்கிட்டுல்ல வந்தான்.

ஆர்லோ: ஹா! நல்லா ஜோடிக்கிறே. என்னையே மிஞ்சிடுவே போலிருக்கே.

பல்வஷா: ...டோரீனம்மா.

டோரீன்: ரொட்டி கருகுது பாரு.

பல்வஷா: கருகட்டும். செருப்பு விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

டோரீன்: இவன்தான் எப்பவோ சொன்னான்.

ஆர்லோ: நானா? எந்தச் செருப்பு?

பல்வஷா: ஐயாவுக்குத் தெரியாது. ஐயா அப்போ பறந்த பிஞ்சு பக்கம் திரும்பி நின்னு கத்திக்கிட்டிருந்தாராம். மத்தவங்களும் அதைத்தான் துரத்தினாங்க. ஷாவலி ஆட்டம் முடிஞ்சதும் செருப்பைத் தேடிப் பார்த்தாராம், கிடைக்கலையாம். வெறுங்காலை மறைச்சுக்கிட்டே வீடு வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு. வெக்கமா இருக்கு, யாருகிட்டயும் சொல்லாதேன்னு எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. கல்யாணத்துக்கு எங்கண்ணன் வாங்கிக் குடுத்த செருப்பு அது.

ஆர்லோ: அப்ப பார்த்தது யாருமே... அங்க வேற ஆளே இல்லையே... மேல ஆகாயத்துல இருந்து பார்த்தாத்தான்... டோரீன், மேகம் இல்லன்னே.

டோரீன்: ஆர்லோ, வேணாம்.

ஆர்லோ: வெள்ளை டொயோட்டான்னே. மூணாவது எறின்னே. குச்சி மாதிரி இருந்திருக்கும்னே... டோரீன், நீ வானிலைதானே பார்த்தே?

டோரீன்: ...சாகற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன். திறந்தா பென்ஷன் போகும். ஜெயிலுக்குக்கூட அனுப்பலாம். புரியுதா உங்களுக்கு?

பல்வஷா: புரியுதும்மா. ...நான் கேக்கமாட்டேன். கேக்க எனக்கு வாய் வரல.

ஆர்லோ: நீ... நீதானா? இத்தனை வருஷமா வாராவாரம் என் எதிர்ல உக்காந்து, புளுகன், புளுகன்னு சொல்லிக்கிட்டு...

டோரீன்: புளுகன்தானே நீ? இருபது விமானம்!

ஆர்லோ: அது சரி... ஆனா...

டோரீன்: ஏதோ உசுரோட இருக்கான், ரொட்டி திங்கிறானான்னு பார்த்துட்டுப் போகத்தான் வருவேன். வேற என்ன.

ஆர்லோ: ...

டோரீன்: பார்த்தியா பல்வஷா, இவன் வாயடைச்சு நிக்கறதை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். இதைப் பதிவு பண்ணு.

பல்வஷா: அம்மா, ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? ஐயா பயங்கரவாதி இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுல்ல? அப்ப ஷாவலி மட்டும் எப்படி அதே ஆளா இன்னும்...

டோரீன்: அதுதாம்மா எனக்கும் விளங்கல. நம்ம ஆளுன்னு தெரிஞ்சதும் இவனைப் பயங்கரவாதிப் பட்டியல்ல இருந்து உடனே எடுத்தாங்க. நான் கண்ணால பார்த்தேன். கூட இருந்தவனையும் சேர்த்து எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் கேக்கல போலிருக்கு. தளபதி இல்லவே இல்ல, தளபதியோட டிரைவர் மட்டும் இத்தனை வருஷமா இருந்துக்கிட்டிருக்கான்...

பல்வஷா: இல்லாதவருக்கு வண்டி ஓட்டினாரா என் புருஷன்?

டோரீன்: அப்படித்தான் ஆகுது.

ஆர்லோ: நான் சொன்னா நம்பமாட்டாங்க, டோரீன். உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டாங்க. அந்த அளவுக்கு நான்... என்னால முடியலம்மா பல்வஷா.

பல்வஷா: நீங்க அழாதீங்க ஐயா. டோரீனம்மா, எங்க எந்திரிச்சிட்டீங்க? வீட்டுக்கா?

டோரீன்: போனைக் குடு.

பல்வஷா: அம்மா... பென்ஷன்...

டோரீன்: போனாப் போகட்டும், இவன் வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்குது. வக்கீல் நம்பரை அழுத்திட்டுக் குடு.

ஆர்லோ: மாடியில மூணு ரூம் இருக்கு!

டோரீன்: ஒண்ணுதான் இருக்கு. வாயை மூடு, மணி அடிக்குது... ஹலோ, வக்கீல் சாரா? ஆர்லோவோட சிநேகிதி பேசறேன்... இல்ல, இல்ல, மீன் கதை இல்ல, வச்சிடாதீங்க. பேனாவைத் திறங்க. விமானம் இருபது இல்ல. ஒண்ணே ஒண்ணு. அதுலயும் ஆள் கிடையாது. எறிஞ்சது மாதுளம்பிஞ்சு, அடிச்சது மண்வெட்டியால. அடிச்சவன் பேரு ஷாவலி, ஒத்தைச் செருப்போட நாலு கன்னையும் சுத்தி வந்தான். நாங்க அதைத் திரையில பார்த்துக்கிட்டிருந்த அறையில அத்தனை பேரும் குண்டு, குண்டுன்னு கத்தினாங்க. தாடிக்காரன் ரெண்டு கையையும் விரிச்சான் பாருங்க, எங்கப்பா ஆயிரம் தடவை அப்படி விரிச்சு நான் பார்த்திருக்கேன், "தப்பிச்சான்"னு... திரைக்கு முன்னால உக்காந்திருந்தது நான்தான். நிறுத்துங்கன்னு சொன்னதும் நான்தான். பேரு டோரீன் ஹாலிஸ். வானிலை ஆபீஸ்ல நான் ஒரு நாளும் வேலை பார்க்கல. எழுதிக்கிட்டீங்களா? இந்தப் புளுகன் சொல்றது... கடவுளே, இதை என் வாயால சொல்ல வேண்டியதாப் போச்சே... ஆமா சார். நடந்துச்சு. அப்படியேதான் நடந்துச்சு.